பாதிரியாரும் பக்கெட்டும்

இந்த வாரம் கொஞ்சம் நாற்றமடிக்கிற சமாசாரம். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்காரலாம். அவசரமில்லை.

ஊர்ப்பக்கம் புது வீடு கட்டுகிற இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். ‘செப்டிக் டேங்க் என்ன சைஸ்ல போடலாம்?’ என்பார் மேஸ்திரி. ‘நல்லா பெரிசாவே போட்டுருங்க. என் காலத்துல அதைத் திறக்கவே கூடாது’ என்பார் வீட்டுக்காரர். அவ்வளவுதான். டேங்க் நிரம்பி வெளியே வழிகிற தண்ணீர் எங்கே போகும்? மேஸ்திரி சொல்லமாட்டார், வீட்டுக்காரரும் கேட்கமாட்டார். நாலு எட்டு வைத்தால் குடிக்கிற கிணறு இருக்கும்.

அந்த டேங்க் என்னதான் செய்கிறது? கனமானதைக் கீழே தங்கவைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மேலே மிதக்கவிடும். நடுவில் நிற்கிற கலங்கல் தண்ணீரை வெளியே தள்ளும். காலராவோ டைஃபாய்டோ, உள்ளே போன கிருமிகளில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு உயிரோடுதான் வெளியே வருகிறது. நிஜமான சுத்திகரிப்பு அதற்கப்புறம்தான். அதைச் செய்வது மண். சும்மா கிடக்கிற, நாம் மிதித்துக்கொண்டு போகிற அதே மண்.

இந்த விஷயத்தைச் சோதித்துப் பார்த்து ஊருக்கு உரக்கச் சொன்னவர் ஒரு பாதிரியார்.

பெயர் ஹென்றி மோல். தெற்கு இங்கிலாந்தில் டார்செட் என்கிற பகுதி. அங்கே டார்செஸ்டர் நகரத்தை ஒட்டி ஃபோர்டிங்டன் என்று ஓர் ஊர். 1829ல் அந்த ஊர் தேவாலயத்துக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். ஆற்றங்கரை ஓரம் ஏழை ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். கழிவும் குடிதண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிற நிலைமை. 1849ல் காலரா வந்தது. 1854ல் மறுபடியும்.

இரண்டாவது தடவை அது வந்த விதம் கொடுமையானது. லண்டன் மில்பேங்க் சிறையில் காலரா பரவ, கைதிகளை டார்செஸ்டரில் இருந்த படைமுகாமுக்கு மாற்றினார்கள். அவர்களுடைய அழுக்குத் துணிகளைத் துவைக்கிற வேலை ஃபோர்டிங்டன் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. நாலு காசு கிடைக்கும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். துணியோடு காலராவும் வீட்டுக்குள் வந்தது.

மோல் பயப்படாமல் வீடு வீடாகப் போனார். அந்த நிலம் இளவரசர் குடும்பத்துச் சொத்து. ஆகவே விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கே கடிதம் எழுதினார். ஒன்றல்ல, எட்டு. ‘உங்கள் இடத்தில் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் தெரியுமா?’ என்பதுதான் சாரம். 1854ல் இப்படிக் கேட்க ஒரு பாதிரியாருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

1859 கோடையில் அவர் பார்வை தன் வீட்டுக் கொல்லைப்புறத்தின் மீதே திரும்பியது. மலக்குழி நாற்றம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவு. மனிதர் குழியை மூடினார். குடும்பத்தைக் கூப்பிட்டு, ‘இனிமேல் எல்லோரும் பக்கெட்தான்’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சரித்திரத்தில் குறிப்பு இல்லை. நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பக்கெட்டில் சேர்ந்ததைத் தோட்டத்தில் ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் புதைத்தார்கள். மூன்று, நான்கு வாரம் கழித்துத் தற்செயலாக அங்கே தோண்டியபோது, புதைத்ததற்கான அடையாளமே இல்லை. நாற்றமும் இல்லை. வெறும் மண். மோல் ஆடிப்போனார். அப்புறம் ஒரு கொட்டகை போட்டு, சலித்த உலர்ந்த மண்ணைக் குவித்துவைத்து, தினமும் காலையில் பக்கெட்டில் இருப்பதை அதோடு கலந்து பார்த்தார். பத்தே நிமிடத்தில் நாற்றம் போனது. ஒரே மண்ணை உலர்த்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் தெரிந்தது. ஐந்து தடவை பயன்படுத்திய மண்ணை ஒரு விவசாயியின் வயலில் பாதிக்குப் போட்டார். மீதிப் பாதிக்கு அதே எடையில் சூப்பர் பாஸ்பேட். மண் போட்ட பாதியில் கிழங்குகள் மூன்றில் ஒரு பங்கு பெரிசாக விளைந்தன.

1860ல் ‘மண் கழிவறை’க்குக் காப்புரிமை வாங்கினார். உட்காரும் பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய உலர்ந்த மண். கைப்பிடியை இழுத்தால் தண்ணீருக்குப் பதிலாக அளவாக மண் விழும். 1868ல் விம்பிள்டனில் ராணுவத் தொண்டர்கள் முகாம் நடந்தபோது, 2,000 பேருக்கு 148 மண் கழிவறைகள் வைத்தார்கள். நாற்றம் பற்றிப் புகாரே இல்லை. நிலத்துக்குப் போகவேண்டிய உரத்தை ஆற்றில் கொட்டி, ஆற்றையும் கெடுத்து, நிலத்தையும் பட்டினி போடுகிறோம் என்பது மோலின் வாதம். காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிகிறது. ஒரே செலவில் இரண்டு நஷ்டம்.

பிறகு ஏன் தோற்றார்? வண்டி வண்டியாக உலர்ந்த மண் கொண்டுவரணும், திரும்ப எடுத்துப் போகணும். நகரத்தில் யார் மெனக்கெடுவது? குழாயில் தண்ணீர் வந்தாச்சு. இழுத்தால் போயே போச்சு! எங்கே போச்சு என்பது அடுத்தவர் கவலை.

நகரத்துக்குச் சாக்கடை உண்டு. கிராமத்து வீட்டில் இழுத்துவிட்ட தண்ணீர் எங்கே போகும்? அதற்குத்தான் டேங்க் வந்தது. பிரான்சில் லூயி முராஸ் என்பவர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி, பல வருடங்கள் கழித்துத் திறந்து, உள்ளே கசடு ரொம்பக் கம்மியாக இருப்பதைப் பார்த்து அசந்து, 1881ல் காப்புரிமை வாங்கினார். 1895ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர அதிகாரி டொனால்ட் கேமரூன் இன்னும் நேர்த்தியாக ஒன்றைக் கட்டி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் சூட்டினார். அழுகச்செய்யும் தொட்டி என்று அர்த்தம். சுத்தம் செய்யும் தொட்டி என்று அவர் சொல்லவே இல்லை. டேங்கைத் தாண்டிய தண்ணீரை வடிகட்டப் படுகைகளும் கட்டியிருந்தார். உலகம் டேங்கை மட்டும் பிடித்துக்கொண்டு படுகையை விட்டுவிட்டது.

டேங்குக்கு அப்பால் எத்தனை அடி நிலம் வேண்டும்? இதற்குக் கணக்குப் போட்டவர் நியூயார்க் மாநிலத்துச் சுகாதாரப் பொறியாளர் ஹென்றி ரயான். காலம், 1920களின் நடுப்பகுதி. ஏற்கெனவே பல வருடம் ஓடி, பழுதாகிவிட்ட, அல்லது பழுதாகப் போகிற உறிஞ்சு வாய்க்கால்களாகத் தேடிப்போனார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரடிச் சதுரத்தில் குழி தோண்டுவார். மண் நன்றாக ஊறும்வரை நனைப்பார். ஆறு அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுப்பார். ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம்? அந்த நிமிடத்தையும், அந்த வீட்டு வாய்க்கால் தாங்கிய கழிவுநீரின் அளவையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டார். லேபரட்டரி கிடையாது, நுண்ணோக்கி கிடையாது. ஒரு மண்வெட்டி, ஒரு கடிகாரம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்காவில் புறநகர் வீடுகள் லட்சக்கணக்கில் முளைத்தபோது, பில்டர்களுக்கு இந்த அட்டவணை நினைவில் இருக்கவில்லை. களிமண்ணா, பாறையா, பார்க்கவில்லை. டேங்கைப் புதை, வீட்டை வில். கொஞ்ச காலத்தில் புல்தரையில் கறுப்புத் தண்ணீர் பொங்கியது. அரசு பதறிப்போய் ஆய்வுகள் நடத்தி, 1957ல் செப்டிக் டேங்க் கையேடு ஒன்று போட்டது. ரயானின் குழி அதில் மறுபடி உயிர் பெற்றது.

அப்புறம்தான் இன்னொரு விஷயமும் தெளிவானது. நல்ல தண்ணீரை மண் உறிஞ்சுகிற வேகம் வேறு, கழிவுநீரை உறிஞ்சுகிற வேகம் வேறு. கழிவுநீர் இறங்குகிற இடத்தில் பாக்டீரியாக்கள் பெருகி, வழவழவென்று கறுப்பாக ஒரு படலம் போடும். அது தண்ணீரை மெதுவாகத்தான் விடும். பழுதின் காரணம் இதுதான். காப்பாற்றுவதும் இதேதான்! தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதால், கீழே உள்ள மண் துகள்களுக்கு நடுவே காற்று நிற்கும். அந்தக் காற்றோட்டமான இரண்டு, மூன்று அடி மண்ணைக் கடப்பதற்குள் பெரும்பாலான கிருமிகள் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அதனால்தான் ஆழமான குழியைவிட ஆழமில்லாத நீள வாய்க்கால் நல்லது. நிலத்தடி நீர் மேலேயே நின்றாலோ, பாறை தட்டினாலோ? தரைக்கு மேல் மணலைக் குவித்து அந்த மேட்டுக்குள் கழிவுநீரை விடலாம். 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள்.

நம் நாட்டுக்கு இதெல்லாம் தெரியாதா? பேஷாகத் தெரியும். ஐ.எஸ். 2470 என்று செப்டிக் டேங்குக்கென்றே இந்தியத் தர விதி இருக்கிறது. அதன் இரண்டாவது பகுதி முழுக்க, டேங்கிலிருந்து வெளியே வரும் தண்ணீரைப் பற்றித்தான். ரயான் குழியும் உள்ளே இருக்கிறது. 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்க்கச் சொல்கிறது. 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண் சரிப்படாது, வேறு வழி பார். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி வை. செம்மண் பூமியில் தண்ணீர் சுலபமாக இறங்கும். ஊறிப்போன கரிசலில் மணிக்கணக்காக நிற்கும். இரண்டு ஊரிலும் மேஸ்திரி ஒரே டேங்கைத்தான் கட்டுகிறார்.

வழிவதற்கு இடம் தராமல், பெரிசாகக் கட்டி இறுக மூடிய டேங்குக்கு இன்னொரு விலையும் உண்டு. அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கவேண்டும். உள்ளே விஷவாயு. 2013ம் வருடச் சட்டம் மனிதரை இறக்கக் கூடாது என்று தடுத்த பிறகும், தமிழ்நாடு உட்பட பல இடங்களில் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிராமத்துக்கு, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிற வீட்டுக்கு, இரட்டைக் குழி போதும் என்று 1970லிருந்து சொல்லிவந்தவர் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக். சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குழிகள். ஒன்று நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடியது ஒன்றிரண்டு வருடம் சும்மா கிடக்கட்டும். தண்ணீரை மண் குடித்துவிடும், மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். யார் அதை அள்ளுவது?

2017 பிப்ரவரியில் தெலங்கானாவில், வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி கிராமத்துக்கு அதிகாரிகள் பட்டாளம் ஒன்று வந்து இறங்கியது. மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் அவர்களுக்குத் தலைவர். மூடிக்கிடந்த குழி ஒன்றைத் திறந்தார்கள். செயலாளரே உள்ளே இறங்கி அள்ளினார். காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. வாசனை கிடையாது.