டான்யூப் மிதிவண்டிப் பாதை

டான்யூப் மிதிவண்டிப் பாதை என்பது ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பாதை ஆகும். ஜெர்மனியின் பாசாவ் நகருக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடைப்பட்ட பகுதியே இதில் மிகவும் புகழ் பெற்றது. இப்பகுதியின் நீளம் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அட்லாண்டிக் பெருங்கடலையும் கருங்கடலையும் இணைக்கும் யூரோவெலோ 6 பாதையிலும் இது அடங்கும். சிறு குழந்தைகளுடன் மிதிவண்டியில் சென்று, இரவில் கூடாரம் அமைத்துத் தங்கும் குடும்பங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாதைகளுள் இதுவும் ஒன்று.

வரலாறு

நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்னர், டான்யூப்பில் சரக்குப் படகுகளை நீரோட்டத்திற்கு எதிராகக் கொண்டுசெல்லக் குதிரைகள் பயன்பட்டன. கரையில் நடக்கும் குதிரைகள் நீண்ட வடங்களால் படகுகளை இழுத்துச் சென்றன. இதற்காக ஆற்றோரமாகப் பாதைகள் அமைக்கப்பட்டன. 1829 ஆம் ஆண்டில் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர் குதிரைகளின் தேவை படிப்படியாகக் குறைந்தது. பிற்காலத்தில் ஆற்றுப் பராமரிப்புக்குப் பயன்பட்டுவந்த இப்பாதைகள் 1980களில் மிதிவண்டிகளுக்காகச் செப்பனிடப்பட்டன.

சுமை இழுக்கும் குதிரைகள் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. எனவே பாதை ஆற்று மட்டத்தை ஒட்டியே அமைந்தது. இன்று ஏழு அல்லது எட்டு வயதுக் குழந்தையும் இதில் தானே மிதித்துச் செல்ல முடிவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

பாதையின் அமைப்பு

பாசாவிலிருந்து வியன்னா வரை ஆறு ஏறத்தாழ 130 மீட்டர் மட்டுமே கீழிறங்குகிறது. பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுவதால், பயணிகளில் பலரும் கிழக்கு நோக்கியே செல்கின்றனர். பல இடங்களில் இரு கரைகளிலும் பாதை உண்டு. பாலங்கள், நீர்மின் நிலைய அணைகள், மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் ஆகியவற்றின் வழியே கரை மாறலாம். ஆறு ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பி வளையும் ஷ்லோகன் வளைவில் இடக்கரைப் பாதை தொடர்ச்சியாக இல்லை. அங்கு படகுகளே துணை.

ஆற்றின் நீளம் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி அளக்கப்படுகிறது. ஆகவே கரையிலுள்ள கிலோமீட்டர்ப் பலகைகளில் எண்கள் பயணத்தின்போது குறைந்துகொண்டே வரும். பாசாவ் அருகே 2,226 ஆக இருக்கும் எண், வியன்னாவின் ரைக்ஸ் பாலத்தருகே 1,929 ஆகிறது. எண்ணக் கற்ற குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவும் அமையும்.

முக்கிய இடங்கள்

* லின்ஸ்: மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் தலைநகர்.
* மவுத்தவுசன்: நாசி வதைமுகாம் (1938–1945) இருந்த இடம். இங்கும் இதன் துணை முகாம்களிலும் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர். நினைவிடம் ஆற்றங்கரையிலன்றி மேட்டின்மீது உள்ளது. அதன் காட்சிகள் சிறு குழந்தைகளுக்கு உரியவை அல்ல.
* மெல்க்: பெனடிக்டைன் துறவியர் மடம் அமைந்துள்ள ஊர்.
* வாகாவ் பள்ளத்தாக்கு: மெல்க், கிரெம்ஸ் நகரங்களுக்கு இடையே உள்ளது. திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் மரங்களும் நிறைந்தது. 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.
* டியூர்ன்ஸ்டைன்: இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192–93 குளிர்காலத்தில் சிறை வைக்கப்பட்ட கோட்டையின் இடிபாடுகள் இங்குள்ளன.

குழந்தைகளுடன் பயணம்

குழந்தைகளை அழைத்துச் செல்லும் முறை அவர்களின் வயதைப் பொறுத்தது. தானே நிமிர்ந்து உட்காரக்கூடிய குழந்தையைப் பின்னிருக்கையிலோ, மிதிவண்டியின் பின்னால் கோக்கப்படும் இருசக்கர இழுவண்டியிலோ அமர்த்தலாம். இழுவண்டியில் குழந்தை உறங்கவும் முடியும். மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் அதன் மூடி காக்கும். சற்று வளர்ந்த குழந்தையின் வண்டியைப் பெரியவரின் வண்டியுடன் இணைக்கும் கம்பிகளும் உள்ளன. களைத்தபோது இணைத்துக்கொண்டு, வழி எளிதானதும் கழற்றிவிடலாம்.

ஒரு நாளில் கடக்கும் தொலைவை முடிவு செய்வது குழுவின் மிக இளைய உறுப்பினரே. பயிற்சி பெற்ற பெரியவர்கள் ஒரு வாரத்திற்குள் முடிக்கும் இப்பாதையை, நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் செல்லும் குடும்பம் முடிக்க 12 அல்லது 13 நாட்கள் தேவைப்படும். பாதைக்கு அருகில் பெரும்பகுதி தொடருந்து வழியும் செல்வதால் பயணத்தை இடையில் நிறுத்திக்கொள்ளவும் இயலும்.

கூடாரத் தங்கல்

ஷ்லோகன், கிரைன், கிரெம்ஸ், டுல்ன் முதலிய ஊர்களில் ஆற்றருகே முகாம் திடல்கள் உள்ளன. ஆஸ்திரியாவில் திறந்தவெளியில் கூடாரம் அமைப்பது மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. கீழ் ஆஸ்திரியாவில் திடல்களுக்கு வெளியே அதற்குத் தடை உள்ளது. கூடாரம், உறங்குபை, விரிப்பு, சிறு அடுப்பு ஆகியவை இன்றியமையாதவை. பளுவான பொருட்களைப் பக்கப் பைகளில் தாழ்வாக வைத்தால் வண்டி தடுமாறாது. கரையோரக் காடுகளில் கொசுத் தொல்லை உண்டு.

பாதுகாப்பும் சட்டமும்

ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தலைக்கவசம் அணிவது 2011 முதல் கட்டாயம். இருக்கையிலும் இழுவண்டியிலும் செல்லும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஜெர்மனியில் இத்தகைய சட்டம் இல்லை. பாதையின் பல பகுதிகளில் கரைக்கும் ஆற்றுக்கும் இடையே தடுப்பு இல்லாததால், தனியே மிதிக்கும் குழந்தையை ஆற்றுப் பக்கம் விடாமல் செல்வது நல்லது.

வெள்ளம்

பாதையைச் சமதளமாக்கிய ஆற்றின் அண்மையே அதன் ஆபத்தும் ஆகும். 2002 ஆகஸ்டு, 2013 சூன் ஆகிய காலங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2013இல் பாசாவில் பதிவான நீர்மட்டம் 1501 ஆம் ஆண்டிற்குப் பின்னர் மிக உயர்ந்ததாகும். 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மாநிலம் கடும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. பாதையைப் போலவே முகாம் திடல்கள் பலவும் தாழ்வான கரையில் இருப்பதால், தொடர்மழைக் காலத்தில் நீர்மட்ட அறிவிப்புகளைக் கவனித்து, மேட்டிலுள்ள ஊர்களில் தங்குவதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* டான்யூப் ஆறு
* மிதிவண்டி
* வியன்னா