வாத்தியார் வேலையிலிருந்து திவான் பதவிக்கு: தென்திருவிதாங்கூரில் ஆங்கிலம் கற்பித்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆங்கிலம் கற்பிக்கத் திருவிதாங்கூருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வாத்தியார்களாகவே காலத்தைக் கழித்துவிடவில்லை. இருவர் திவான்களானார்கள். இன்னொருவர் நாகர்கோவிலில் நீதிபதியாக அமர்ந்தார். முதுமையில் அரசுப் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. நாஞ்சில் நாடு அன்று அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடி. இந்த வரலாற்றின் தொடக்கமும் இங்கேதான்.

ஆங்கிலத்துக்கு அத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் அரசியல். 1805 உடன்படிக்கைக்குப் பின் கம்பெனியின் ரெசிடென்டைக் கேளாமல் சமஸ்தானத்தில் பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை. ரெசிடென்டின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லவும், அதே மொழியில் பதில் எழுதவும் வல்லவர்கள் அரண்மனையில் அரிது. அந்த இடத்தை நிரப்பியவர் சாதாரண எழுத்தராக நிற்க முடியாது. ஆட்சியின் அந்தரங்கமெல்லாம் அவர் கைக்கு வந்துவிடும்.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் பரிந்துரையில் அவர் அங்கே நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மதப் பணிக்கு வந்தவர் அரசுப் பதவியில் இருப்பதை மிஷன் மேலிடம் விரும்பாததால் ஏறத்தாழ ஓராண்டில் அதை விட்டுவிட்டார். 1819-இல் அவர் தொடங்கிய செமினரிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் செலவுக்கு வழி செய்த விதம் நாஞ்சில் நாட்டுக்கே உரியது. ராணி அளித்த 5,000 ரூபாயைக் கொண்டு நஞ்சை வயல்கள் வாங்கப்பட்டன; அவற்றின் வருமானத்தில் பள்ளி பல காலம் நடந்தது. சாதியால் கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் மிஷன் பள்ளிகளில் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த நெல்லுக்கு இந்த மண்ணின் வரலாற்றில் தனி இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

அதே ஆண்டுகளில் தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பா ராவ், சிறுவராக இருந்த சுவாதித் திருநாளுக்கு ஆசிரியரானார். ஆங்கிலப் புலமையால் ‘இங்கிலீஷ் சுப்பா ராவ்’ என்றே அவரை ஊர் அழைத்தது. மாணவர் 1829-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே ஆசிரியர் திவானானார். 1837 வரையும், இடைவெளிக்குப் பின் 1839 முதல் 1842 வரையும் அப்பதவியில் இருந்தார்.

நாகர்கோவில் செமினரியில் ஆசிரியராக இருந்த ஜான் ராபர்ட்ஸ் போன வழி வேறு. சுவாதித் திருநாளின் அழைப்பை ஏற்றுத் திருவனந்தபுரம் சென்று 1834-இல் அவர் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். இரண்டாண்டில் அரசே அதை எடுத்துக்கொண்டு, கட்டணமில்லாத ‘ராஜாவின் இலவசப் பள்ளி’ ஆக்கியது. ராபர்ட்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் தலைமையாசிரியராக இருந்தார். பதவி உயர்வு என்று பார்த்தால் சுப்பா ராவுக்கு அருகில் அவரை வைக்க முடியாது. ஆனால் அவர் விட்டுச்சென்ற பள்ளி 1866-இல் மகாராஜா கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

சென்னையில் பவல் துரையிடம் படித்த கும்பகோணம் மாதவ ராவ், 1849-இல் இளவரசர்களுக்கு ஆசிரியராக வந்தார். பின் வருவாய்த் துறைக்கு மாறி, தெற்குப் பிரிவின் திவான் பேஷ்காராக நாஞ்சில் நாடு அடங்கிய பகுதியை நிர்வகித்தார். முப்பது வயதை ஒட்டி, தோள்சீலைக் கலவரத்தால் தெற்கு கொந்தளித்த நேரத்தில், திவானானார். அவர் காலத்தில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கான 1859 அரசாணை வெளிவந்தது. பின்னர் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தார். பரோடாவில் அவர் நிர்வகித்தது, அரசர் வயது வராத சிறுவராக இருந்த காலம். இளவரசர்களுக்குப் பாடம் சொன்ன அனுபவம் அங்கே வீணாகியிருக்காது.

மீட்டின் கதை இடையில் திசை மாறியது. 1850-களின் தொடக்கத்தில் உள்ளூர் ஒடுக்கப்பட்ட சமூகத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்ததால் மிஷனோடு அவருக்கிருந்த உறவு முறிந்தது. திருவிதாங்கூர் அரசு அவரை ஏற்று, பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. 1873-இல் இறக்கும்வரை அவர் இந்த நாட்டிலேயே இருந்தார்.

கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுகளும் வந்தபின் அந்தப் பழைய வழி அடைபட்டது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் உள்ளூரிலேயே பெருகினார்கள். உயர் பதவிகள் வெளியூர்க்காரர்களுக்கே போகின்றன என்ற மனக்குறை முற்றி, 1891-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து நாகர்கோவில் செமினரி கல்லூரி நிலைக்கு உயர்ந்தது.

அண்மைக் காலத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் இருக்கிறது. குமரி மாவட்டத்துப் பட்டதாரி ஆசிரியர்கள் மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் போகிறார்கள். ஆங்கிலவழிக் கல்வி நடக்கும் அந்தத் தீவுகளில் இந்திய ஆசிரியர்களின் தேவை நீண்டகாலமாகவே இருந்துவருகிறது. அங்கே ஈட்டிய அனுபவம் ஊர் திரும்பியபின் தனியார் பள்ளிகளில் கைகொடுக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கு வர வேண்டுமானால், மற்றவர்களைப்போலவே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.