வல்லம் வடகால் ஏரிகளில் தலைப்பிரட்டையின் சாட்சியம்

தவளை குறைந்தால் நீர் நஞ்சாகிவிட்டது என்று கொள்ளும் வழக்கம் சூழலியல் எழுத்தில் ஊறிப்போயிருக்கிறது. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அங்கு தலைப்பிரட்டையின் உடலையே ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1990-களின் இறுதி முதல் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என விரிந்து இப்பூங்காவையும் உள்ளடக்கிய தொழில்தடத்தில் வயல்கள் மனைகளாயின; வரத்துக் கால்வாய்களைச் சாலைகள் குறுக்கறுத்தன; இரவெல்லாம் கனரக வண்டிகள் ஓடுகின்றன. தவளை குறைய இவற்றுள் ஒன்றே போதும். பருவமழை பொய்த்தாலும் எண்ணிக்கை சரியும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரெயின்போ பே குட்டையை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெக்மன் குழு, இயல்பான ஏற்ற இறக்கத்தையும் மனிதரால் வரும் சரிவையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று 1991-இலேயே காட்டியது. தேரையோ கழிவுநீர் ஓடைக்கருகிலும் பிழைத்துக்கிடக்கும். ஆகவே அதன் இருப்பு நீரின் தூய்மைக்குச் சான்றாகாது.

நீர்நில வாழ்விகளை மாசுகாட்டியாகக் கொள்வதற்கு இதைவிட வலுவான மறுப்பும் உண்டு. 28,000-க்கு மேற்பட்ட நச்சுச் சோதனைகளை ஒப்பிட்டு கெர்பி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலோகங்களுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் நீர்நில வாழ்விகள் காட்டும் உணர்திறன் நடுத்தரமானதே. ஃபீனால்களுக்கு மட்டுமே அது கூடுதல். இம்முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அச்சோதனைகளில் பெரும்பாலானவை ஆய்வகத் தொட்டியில், கரைந்த நஞ்சைக் கொண்டு, குறுகிய காலத்தில் செய்யப்பட்டவை. ஏரித் தலைப்பிரட்டை வாழும் விதம் வேறு. வாரக்கணக்கில் அது பாசியையும் வண்டலையும் சுரண்டித் தின்கிறது. முலாம் பூச்சிலும் வண்ணப்பூச்சிலும் பயன்படும் குரோமியம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்கள் ஏரியை எட்டினால் படிவதும் அந்த வண்டலில்தான். உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் அறுஇணைதிறக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்கிறது நம் விதி. அது குழாய் வாயில் நீரைத்தான் அளக்கிறது. ஆண்டுக்கணக்கில் அடியில் சேர்வதை அளப்பதில்லை. அத்தகைய படிவு உடலில் விடும் தடத்துக்குச் சான்றுண்டு: அமெரிக்காவின் சவன்னா ஆற்றுப் பகுதியின் நிலக்கரிச் சாம்பல் குட்டைகளில் வளர்ந்த தலைப்பிரட்டைகள் வாயின் கெரட்டின் பற்களை இழந்து, பாசியைச் சுரண்ட இயலாமல் போனதை ரோவும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் பதிவு செய்தனர்.

தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் இதே பற்களைச் சிதைக்கும் என்பதால், வாய்ப்பகுதி மாதிரிச் சோதனையின்றி வாய்ச்சிதைவை உலோகத்தின்மேல் சுமத்தக் கூடாது. வயல்வடிகாலின் யூரியாவும் பூச்சிமருந்தும் குறுக்கிடும். எனவே ஆலைப் பகுதியின் வடிநீர் பெறும் ஏரி, வயல்நீர் மட்டும் பெறும் ஏரி, இரண்டும் அதிகம் சேராத மேட்டு ஏரி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒப்பிட வேண்டும். இதற்கேற்ற இனம், நீரைவிட்டு அதிகம் விலகாத யூஃப்லிக்டிஸ் சயனோஃப்லிக்டிஸ். கோஸ்னர் வகுத்த 46 வளர்நிலைகளைக் கொண்டு ஒரே நிலையிலுள்ள தலைப்பிரட்டைகளைக் கைக்கண்ணாடியில் பார்த்து, மீண்டும் நீரில் விட்டுவிடலாம். அதே நாளில் வண்டலையும் சோதிக்க வேண்டும்.

இத்தடத்தின் மிகைநீர் செம்பரம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் செல்கிறது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. தொழிற்பூங்காவின் அடுத்த விரிவாக்கத்துக்கு அனுமதி வழங்குமுன், தவளைகளின் பெயர்ப்பட்டியலோடு நில்லாமல், இத்தகைய அடிப்படைத் தரவு ஒன்றை இரு மழைக்காலங்களிலேனும் திரட்டும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சிப்காட்டும் கட்டாயமாக்க வேண்டும்.