வி.வி.குமாரும் அந்த 599-ம்

ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கிறேன். முதல் டெஸ்ட்டுல, பந்து போட்ட முதல் இன்னிங்ஸ்லயே அஞ்சு விக்கெட். முதல்தரப் போட்டிகள்ல மொத்தம் 599 விக்கெட், சராசரி 19.98. ஆனா ஆடின டெஸ்ட் இரண்டே இரண்டு. நம்மூர்க்காரர்தான். யாருங்க?

வெங்கட்ராகவன்னு சொல்றவங்க பெஞ்சு மேல ஏறவும் :-) வெங்கட் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தவர். நான் கேட்டது அவர் கூடவே மறுமுனையிலிருந்து வருஷக்கணக்கா பந்து போட்ட லெக் ஸ்பின்னர் வி.வி.குமாரை.

கிரிக்கெட் புள்ளிவிவரப் பைத்தியங்களுக்குன்னு சில எண்கள் உண்டு. 99.94-னு சொன்னா பிராட்மேன். மேல ஒரு வார்த்தை பேச வேண்டாம். எனக்கு அந்த மாதிரி ஒட்டிக்கிட்ட எண் 599. இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்திருந்தா 600. ரவுண்டா இருந்திருக்கும். சராசரியையும் பாருங்க, 19.98. கணக்குப் போட்டுப் பார்த்தேன் (வேலையத்தவன்னு வீட்ல திட்டு). வாழ்நாள் முழுக்கக் கொடுத்ததுல இன்னும் சுமார் ஒரு டஜன் ரன் கூடுதலா போயிருந்தா, சராசரி இருபதைத் தொட்டிருக்கும். அதாவது 129 மேட்ச்ல, இருபது வருஷத்துக்கு மேல போட்ட ஓவர்கள்ல, ஒரே ஓவர் கொஞ்சம் மோசமா போயிருந்தா போதும். ஒரு பக்கம் ஒரு விக்கெட் குறைச்சல், இன்னொரு பக்கம் ஒரு டஜன் ரன் லாபம். ஆண்டவன் கணக்கு சரியாத்தான் இருக்கு போல.

சரி, அந்த இரண்டு டெஸ்ட் கதைக்கு வர்றேன்.

1961 பிப்ரவரி, டெல்லி. பாகிஸ்தானுக்கு எதிரான தொடரோட கடைசி டெஸ்ட். அதுக்கு முன்னாடி நடந்த நாலும் டிரா. இரண்டு அணிக்கும் தோத்துடக் கூடாதுங்கிற பயம்தான் பெருசு. இந்தியா 463 அடிச்சது. பாகிஸ்தான் 286-க்கு ஆல் அவுட். அதுல குமாருக்கு 64 ரன்னுக்கு 5 விக்கெட். ஃபாலோ ஆன் ஆடி 250 எடுத்து பாகிஸ்தான் தப்பிச்சுது, தொடர் 0-0. இரண்டாவது இன்னிங்ஸ்லயும் குமாருக்கு இரண்டு கிடைச்சுது. ஆக முதல் மேட்ச்ல ஏழு.

அடுத்து 1961 நவம்பர்ல இங்கிலாந்து வந்தது. பம்பாய் டெஸ்ட்டுல குமார் ஆடினார். விக்கெட் எதுவும் இல்லை. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது! 2 டெஸ்ட், 7 விக்கெட், சராசரி 28.85. அப்போ அவருக்கு வயசு 26. லெக் ஸ்பின்னருக்கு மீசை முளைக்கிற வயசுன்னு சொல்லலாம்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் சினிமா மாதிரி. அடுத்த கான்பூர் டெஸ்ட்டுக்கு சுபாஷ் குப்தே வந்தார். 90 ரன்னுக்கு 5 விக்கெட். குப்தே மாதிரி ஒருத்தர் இருக்கும்போது குமாருக்கு இடம் கிடையாதுன்னா அதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு அடுத்த டெல்லி டெஸ்ட்டோட குப்தேவும் காலி! ஃபார்ம் போனதால இல்லை. ஹோட்டல்ல அவரோட ஒரே அறையில தங்கியிருந்தவர் ஏ.ஜி.கிருபால் சிங், நம்ம மெட்ராஸ் ஆள்தான். அவர் வரவேற்பறைப் பெண்ணுக்கு போன் போட்டு வேலை முடிஞ்சதும் ஒரு டிரிங்க் சாப்பிட வர்றீங்களான்னு கேட்டுட்டார். புகார் போச்சு. போன் பண்ணது கிருபால்; தண்டனை இரண்டு பேருக்கும். ரூம்மேட்டைத் தடுத்திருக்கணுமாம். குப்தே அதுக்கப்புறம் டெஸ்ட்டே ஆடலை, டிரினிடாட்ல போய் செட்டில் ஆயிட்டார். அவரோட டெஸ்ட் விக்கெட் எத்தனை தெரியுமா? 149. இங்கேயும் ஒண்ணு குறையுது! போன் பண்ண கிருபால் சிங் மறுபடி அணிக்கு வந்து 1964 வரைக்கும் ஆடினார்.

இப்போ லெக் ஸ்பின்னர் இடம் காலியா இருக்கு, குமார் மெட்ராஸ்ல இருக்கார். கூப்பிட்டாங்களா? இல்லை. சந்து போர்டே லெக் ஸ்பின் போடுவார், பேட்டிங்கும் செய்வார். துரானி, நட்கர்ணியும் அப்படித்தான். பந்து மட்டும் போடத் தெரிஞ்ச ஆளுக்கு அந்தக் காலத்து செலக்டர்கள் கிட்ட மவுசு கம்மி. 1962 ஜனவரியில பிரசன்னா வந்தார், 1964-ல சந்திரசேகர், 1965-ல வெங்கட், 1966-ல பேடி. அதோட கதவைச் சாத்திட்டாங்க. சந்திரசேகர் 242 விக்கெட் எடுத்துட்டார், அவரை எடுத்தது தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. என் வருத்தம் 1962-க்கும் 1964-க்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளி மேலதான். அதை விளக்க எனக்கு எந்தக் காரணமும் போதலை.

ஒரு தடவை ஆவடி லோக்கல்ல ஒரு பெரியவரோட இதே விஷயத்துக்குப் பெரிய வாக்குவாதம். அம்பத்தூர்ல ஏறினேன், கொரட்டூர் தாண்டறதுக்குள்ள சூடு பிடிச்சுடுச்சு. எஸ்டேட்ல ஏதோ கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவர். "அறுநூறு தம்பி, நான் பார்த்திருக்கேன்"னு அடிச்சுச் சொல்றார். "இல்ல சார், 599"னு நானும் விடலை. வில்லிவாக்கத்துல ஒரு முறை முறைச்சார். "ஒண்ணு எந்த அம்பயரோ கொடுக்காம விட்டிருப்பான், நீ அதையும் சேர்த்துக்கோ"ன்னுட்டு பேப்பரைப் பிரிச்சுட்டார். இதுக்கு என்ன பதில் சொல்றது? லெக் ஸ்பின்னருக்கு எல்பிடபிள்யூ கொடுக்காத அம்பயர்கள் கணக்கை எந்தப் புத்தகத்துல தேடுவேன்?

ஆனா டெஸ்ட் கணக்கை மட்டும் வச்சு ஒருத்தரை எடை போடறது நம்ம மாநிலத்து ஆளுங்க விஷயத்துல எப்பவுமே உதைக்கும். எம்.ஜே.கோபாலனை எடுத்துக்கோங்க. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் மேட்ச். ரஞ்சிக் கோப்பையோட முதல் பந்தைப் போட்டவர் அவர்தான். மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சுது. மைசூர் 48, 59. மெட்ராஸ் 130. கிருபாலோட அப்பா ஏ.ஜி.ராம்சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். அந்த ராம்சிங் டெஸ்ட்டே ஆடலை. மகன்கள் கிருபால், மில்கா இரண்டு பேரும் ஆடினாங்க. (மில்கான்னா ஓட்டப்பந்தய மில்கா இல்லை, இவர் வேற.) கோபாலன் ஆடினதோ ஒரே டெஸ்ட், 1934 ஜனவரியில கல்கத்தாவுல. 11 நாட் அவுட், 7, ஒரு விக்கெட். ஹாக்கியிலயும் இந்தியாவுக்கு ஆடினவர், 1935-ல நியூசிலாந்து போன அணியில இருந்தார். 1936-ல பெர்லின் ஒலிம்பிக்ஸா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரான்னு வந்தப்போ கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துல ஒரு டெஸ்ட்டுல கூட இறக்கலை. பெர்லின்ல ஜெர்மனியை 8-1-னு அடிச்சு இந்தியா தங்கம் வாங்கிட்டு வந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா நமக்கே வயித்தைப் பிசையுது.

அந்தப் பட்டியல்ல டி.இ.சீனிவாசனும் உண்டு. 1981, ஆக்லாந்து, ஒரே டெஸ்ட், 29-ம் 19-ம்.

குமாருக்கு இன்னொரு சோகமும் உண்டு, இதை அவ்வளவா யாரும் பேசறதில்லை. மெட்ராஸ் ரஞ்சிக் கோப்பையை முதல்முறை ஜெயிச்சது 1954-55-ல. குமார் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்தது 1955-56. ஒரு வருஷம் லேட்! அதுக்கப்புறம் பம்பாய் 1958-59-லேர்ந்து தொடர்ச்சியா 15 வருஷம் கோப்பையை வீட்டுலயே வச்சுக்கிச்சு. ரஞ்சியில மட்டும் 400 விக்கெட்டுக்கு மேல எடுத்த மனுஷன், பாவம் என்ன செய்வார்? 1967-68 ஃபைனல்ல பம்பாய் கிட்ட தோல்வி.

அப்புறம் 1972-73 ஃபைனல், அதுவும் சேப்பாக்கத்துல. பிட்ச் சுத்தோ சுத்துன்னு சுத்தற பிட்ச். வெங்கட், குமார்னு இரண்டு பேர் கையில இருக்கும்போது அதை விட வேற என்ன வேணும்? பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டியாச்சு. கல்யாணசுந்தரம் அந்த மேட்ச்ல ஹாட்ரிக் வேற எடுத்தார். ஆனா நாம அடிச்சது 80, 61. பத்மாகர் ஷிவால்கர்னு ஒரு இடக்கை ஸ்பின்னர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5-னு மொத்தமா ஊதித் தள்ளிட்டார். மூணாவது நாள் முதல் பந்துலயே மேட்ச் முடிஞ்சுது. அன்னைக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போனவங்க உட்காரக்கூட நேரம் இருந்திருக்காது.

அந்த ஷிவால்கர் 589 முதல்தர விக்கெட் எடுத்தவர், சராசரி 19.69. ஒரு டெஸ்ட் கூட ஆடலை. ஹரியானாவோட ராஜிந்தர் கோயல் 750 விக்கெட், சராசரி 18.58. அவரும் ஆடலை. இவங்க பக்கத்துல வச்சுப் பார்த்தா குமார் அதிர்ஷ்டசாலின்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஒருத்தனுக்கு இலையே போடலை, இன்னொருத்தனுக்கு இலை போட்டு, சோறு போட்டு, இரண்டாவது கவளத்துல கையைப் பிடிச்சுட்டாங்க. இதுல எது தேவலாம்?

குமார் கடைசியா ஆடினது 1976-77 சீசன்ல. தமிழ்நாடு ரெண்டாவது தடவை ரஞ்சிக் கோப்பையை வாங்கினது 1987-88-ல, ரயில்வேஸை ஜெயிச்சு. நடுவுல பதினோரு வருஷம்.

டிஸ்கி: அடுத்த பதிவு கிருபால் சிங் பத்தி. ஐதராபாத்துல 1955-ல நியூசிலாந்துக்கு எதிரா முதல் டெஸ்ட் இன்னிங்ஸ்லயே 100 நாட் அவுட். அதுக்கப்புறம் 13 டெஸ்ட் ஆடியும் இன்னொரு செஞ்சுரி வரலை. மொத்தம் 422 ரன். போன் கதையை இந்தப் பதிவுலயே சொல்லிட்டேன், அதுல மறுபடி கேக்காதீங்க :-)