அச்சின் பிழையும் காசின் வடுவும்

அரசின் முத்திரை பெற்ற காசு குற்றமற்றது என்பது மக்களின் நம்பிக்கை. நாணயம் என்னுஞ் சொல் காசுக்கு மட்டுமன்றி நேர்மைக்கும் பெயராய் வழங்குகின்றது. ஆயினும், நாணயமும் மனிதர் செய்யும் பொருளே. செய்கையில் நேருந் தவறு உலோகத்திற் பதிந்து, காலங் கடந்தும் நின்றுவிடுகின்றது.

முற்காலத்தில் அச்சுக்கள் இரண்டின் நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தே காசு செய்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயங்களும் இவ்வாறு அடிக்கப்பட்டவையே. அவற்றுள் நந்தியின் உருவமும், அதன் கீழே “சேது” என்னும் எழுத்துக்களும் முழுமையாக அமையாதவை பல. வில்லை சிறிது விலகியிருப்பினும், வில்லை அச்சினும் சிறிதாயிருப்பினும், உருவத்தின் ஒரு பகுதி காசுக்கு வெளியே போய்விடும். இஃது அடியிலே நேர்ந்த குறை. அந்த ஒரு காசோடு முடிந்துவிடும்.

அச்சிலேயே பிழை நேர்ந்தாலோ நிலைமை வேறு. அவ்வச்சிலிருந்து பிறக்குங் காசு ஒவ்வொன்றும் அப்பிழையைத் தாங்கியே வரும். இயந்திரங்கள் வந்தபின், சில மணி நேரத்தில் ஒரு பிழை பல்லாயிரமாய்ப் பெருகலாயிற்று.

இதற்குத் தக்க சான்று, 1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையில் அடிக்கப்பட்ட ஒரு சதக் காசாகும். அக்காலத்தில், உருவம் புடைத்து நிற்கும் தாய் அச்சினை உருக்குத் துண்டொன்றின்மீது அழுத்தி, காசு அடிக்கும் அச்சினைச் செய்தனர். ஒருமுறை அழுத்தியதும் உருக்கு இறுகிவிடும். ஆதலால் அதனை உலையிலிட்டு இளக்கி, மீண்டும் அதே இடத்திற் பொருத்தி அழுத்துவர். அவ்வாண்டில் ஓர் அச்சு இரண்டாம் முறை சற்றே திரும்பிய நிலையில் அழுத்தப்பட்டது. ஆண்டெண்ணும், சுதந்திரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், லிங்கனின் தலைக்கு மேலுள்ள வாசகமும் இரட்டையாய்த் தோன்றின.

பிழை தெரியவந்தபோது அக்காசுகளுட் பல நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது. அழிப்பதாயின் நல்ல காசுகளையும் சேர்த்தே உருக்கவேண்டும். எனவே அவை அவ்வாறே வெளியே விடப்பட்டன. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை மக்கள் கையை அடைந்தன என மதிப்பிடப்படுகின்றது.

பழுதைத் திருத்தும் முயற்சியே புதுப் பழுதுக்குக் காரணமாவதும் உண்டு. நடுவே வில்லையின்றி இரு அச்சுக்களும் மோதினால், ஒன்றின் உருவம் மற்றொன்றிற் சுவடாய்ப் படியும். அச்சுவடு நீங்க அச்சின் முகத்தைத் தேய்ப்பர். 1937 இல் டென்வர் நாணயசாலையில் ஐந்து சதக் காசின் அச்சொன்றை அளவுக்கு மிஞ்சித் தேய்த்தனர். அதிலிருந்த காட்டெருதின் முன்னங்கால் ஆழமின்றி வெட்டப்பட்டிருந்தமையால் அது தேய்ந்து மறைந்தது. குளம்பு மட்டும் எஞ்சியது. மூன்று காற் காட்டெருதாய் அக்காசு புகழ்பெற்றது.

இவற்றின் அருமை கருதி இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். ஆதலாற் போலிகளும் தோன்றியுள்ளன. நல்ல காசின் காலைச் சுரண்டி நீக்குவோரும் உளர். ஆனால் சுரண்டிய காசிற் கருவியின் கீறல் தெரியும். அச்சிற் பிறந்த குறை, அதே அச்சிற் பிறந்த காசனைத்திலும் ஒரேவகையாய் அமைந்திருக்கும். உண்மைப் பிழைக்கு உடன்பிறப்புக்கள் சாட்சி.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயசாலைகள் ஒரே அழுத்தத்தில் அச்சு முடிக்கும் முறைக்கு மாறின. தேர்ந்த காசு அரசின் ஆணையை மட்டுமே உரைக்கும்; பிழைபட்ட காசோ, அதனை ஆக்கிய உலையையும் அச்சையும் தொழிலாளியின் கையையும் சேர்த்தே உரைக்கின்றது.