ஆமையாரும் முட்டைக்கோஸ் நிழலும்

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்ட்டுல தூங்கிட்டிருந்த ஒரு ஆமைக் கதையை எழுதி முடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

2022 ஜூலையில் ஆன்சைட். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் பக்கம் ஒரு பாட்டி வீட்டு மாடியில் குடியிருந்தேன். அந்த மாசம் 19-ஆம் தேதி கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாச்சு. அந்த நாட்டு வரலாற்றிலேயே அதுதான் அதிகம். வேலூர்க்காரங்க சிரிப்பீங்க. ஆனா அங்கே வீடெல்லாம் குளிருக்குன்னு கட்டினது, சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கி கூட கிடையாது.

பாட்டி தோட்டத்துல ஒரு ஆமை இருந்துச்சு. அவங்க ரெண்டு நாள் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அதை அதன் போக்குல விட்டுடுப்பா. காலையில செடிங்களுக்கு அடியில மட்டும் தண்ணி தெளிச்சுடு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாம இன்ஜினியர் ஆச்சே, சும்மா இருப்போமா? நாலு பலகையை வச்சு ஒரு அடைப்பு, மேலே ஒரு பெரிய குடை, உள்ளே ஆமை. டிசைன் பிரமாதம்னு நினைச்சுக்கிட்டு க்ளையண்ட் காலுக்குப் போயிட்டேன்.

கால் ஒன்றரை மணி நேரம் இழுத்துச்சு. திரும்பி வந்து பார்த்தா, சூரியன் நகர்ந்துட்டார், குடையோட நிழல் அடைப்புக்கு வெளியே விழுந்து கிடக்கு. ஆமை பலகையைப் பிராண்டிக்கிட்டு இருக்கு, வாயில் நுரை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஐஸ் கட்டி எடுக்க ஓடினவனை, "ஐஸ் வேண்டாம், நிழல்ல தட்டு வச்சு, சில்லுன்னு இல்லாத தண்ணி ஊத்தி நிக்க வை"ன்னு போன்லயே பாட்டி தடுத்தாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு அது கழுத்தை நீட்டித் தண்ணி குடிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஆமைக்கு வியர்க்காது. உடம்புச் சூடு ஏறினா நிழலுக்குப் போகணும், இல்லை மண்ணுக்குள் புகுந்துக்கணும். ரெண்டுக்கும் வழியில்லாட்டி கடைசியா எச்சிலை நுரையா ஒழுகவிட்டுத் தலையையும் கழுத்தையும் நனைச்சுக்கும். நான் பார்த்தது அந்தக் கடைசிக் கட்டம்.

பாட்டி திரும்பி வந்து திட்டவே இல்லை. ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தாங்க. கில்பர்ட் ஒயிட் எழுதின செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாறு. அச்சுல 1789-னு போட்டிருக்கும். செல்போர்ன், பேசிங்ஸ்டோக்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஒயிட் அந்த ஊர்ல துணைப் பாதிரியாரா இருந்தவர். பறவை, புழு, மழை, பனின்னு கண்ணுல பட்டதையெல்லாம் தேதி போட்டுக் குறிச்சு வச்ச மனுஷர்.

அவரோட அத்தை ரெபெக்கா ஸ்னூக், சஸ்ஸெக்ஸில் ரிங்மர் ஊர்ல டிமோத்தின்னு ஒரு ஆமையை 40 வருஷம் போல வளர்த்தாங்க. அத்தையின் கணவர் சிசெஸ்டரில் ஒரு மாலுமிகிட்ட வாங்கினதா சொல்வாங்க. 1780 மார்ச்சில் அத்தை இறந்ததும், மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்துல இருந்த டிமோத்தியைத் தோண்டி எடுத்து, மண் நிரப்பின பெட்டியில் வச்சு, குதிரை வண்டியில் சுமார் 80 மைல் தாண்டி செல்போர்னுக்குக் கொண்டு வந்தார் ஒயிட். வண்டி குலுங்கின குலுக்கல்ல பாதி வழியிலேயே தூக்கம் கலைஞ்சிருச்சாம் (நம்ம ஆம்னி பஸ் மாதிரி!).

டிமோத்தி மத்தியதரைக் கடல் பக்கத்து இனம். வெயில் நாட்டுப் பிராணி. அதுக்கு இங்கிலாந்து வெயில் என்ன பண்ணிடும்னு எனக்குத் தோணின மாதிரிதான் யாருக்கும் தோணும். ஒயிட் பார்த்தது வேற. உச்சி வெயில் நேரத்துல அது முட்டைக்கோஸ் இலைக்கு அடியிலோ, அஸ்பாரகஸ் பாத்திக்குள்ளேயோ போய்ப் பதுங்கிடும். (அஸ்பாரகஸ் நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு.) கோடையில் வெயிலுக்கு இப்படி ஒளியற அதே ஆமை, இலையுதிர் காலத்துல சுவரில் சாய்ஞ்சு நின்னு ஓட்டைச் சூரியனுக்குச் சாய்வாகக் காட்டும். சோலார் பேனலை எந்தக் கோணத்தில் வைக்கணும்னு நாம கணக்குப் போடறதை அது கணக்கில்லாமலே பண்ணிட்டிருந்துச்சு.

முட்டைக்கோஸ் இலைக்கும் என் குடைக்கும் என்ன வித்தியாசம்? துணி சூடாகி, அந்தச் சூட்டைக் கீழேயும் இறக்கும். இலை தன் நீரை ஆவியாக்கி அடியில் இருக்கற காற்றைக் குளிர்விக்கும். அடியில் ஈர மண் வேற. முக்கியமா, ஒரு இலை போனால் இன்னொரு இலைக்கு ஆமை நடந்து போய்க்கலாம். என் அடைப்புல அதுக்குத்தான் வழியில்லை.

1783 கோடையையும் அந்தத் தோட்டத்துலதான் டிமோத்தி தாண்டுச்சு. ஜூன் 8-ஆம் தேதி ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு வெடிச்சு, அந்தப் புகைமூட்டம் ஐரோப்பா பூரா பரவி, நடுப்பகல் சூரியனே துரு நிறத்துல தெரிஞ்ச வருஷம். அந்த ஜூலை வெக்கையில் வெட்டின இறைச்சி மறுநாள் வரை தாங்கலைன்னு ஒயிட் எழுதியிருக்கார். மத்திய இங்கிலாந்து வெப்பக் கணக்குல அந்த ஜூலையை முந்த 1983 ஜூலை வர வேண்டியிருந்துச்சு. சரியா 200 வருஷம்!

டிமோத்தியின் சொந்தக்காரங்களுக்கு அந்த யோகம் வாய்க்கலை. 20-ஆம் நூற்றாண்டுல ஆமைகளை மூட்டை மூட்டையா இறக்குமதி பண்ணி இங்கிலாந்து கடைகள்ல வித்தாங்க. ஓடிடக் கூடாதுன்னு ஓட்டின் ஓரத்துல துளை போட்டுக் கயித்துல கட்டி வைக்கற பழக்கம் வேற. ஓடு ஒண்ணும் செருப்புத் தோல் இல்லை, உயிருள்ள எலும்பு. கயிறு எட்டற தூரத்துல நிழல் இல்லேன்னா என்ன ஆகும்னு நான் பலகை அடைப்புல பார்த்துட்டேன். மத்தியதரைக் கடல் ஆமைகளின் வியாபார இறக்குமதியை ஐரோப்பியச் சமூகம் 1984-ல்தான் நிறுத்துச்சு. (படிச்சுட்டு யாரும் நட்சத்திர ஆமை வாங்கிடாதீங்க மக்கா. இந்தியாவுல அதை வீட்டுல வச்சிருக்கறது சட்டப்படி குற்றம்.)

ஒயிட் 1793 ஜூனில் இறந்தார். அடுத்த வசந்தத்துல டிமோத்தியும் போயிடுச்சு. ஓடு இன்னும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. அதைப் பார்த்துத்தான் பின்னாடி வந்தவங்க கண்டுபிடிச்சாங்க, டிமோத்தி ஒரு பொண்ணு! அவ்வளவு கூர்மையா பார்த்த மனுஷர் கடைசி வரை 'அவன்'னே எழுதிட்டுப் போயிட்டார்.

பாட்டி வீட்டு ஆமைக்கும் டிமோத்தின்னுதான் பேர். ஆணா பொண்ணான்னு கேட்க மறந்துட்டேன்.