மலைக்காற்றில் லேசர்ச் சரடு

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும், லேசர்த் துடிப்பொன்றை முதலில் கால அளவில் நீட்டி, பின்னர் வலுப்பெருக்கி, இறுதியில் மீண்டும் சுருக்கும் முறையை வகுத்தனர். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு மட்டுமே நீடிக்கும் துடிப்பிலும் பெருந்திறனை அடக்க இம்முறை வழிசெய்தது. அத்தகைய துடிப்பு காற்றில் 20 மீட்டருக்கும் மேலாக விரிந்து சிதறாமல் செல்வதை 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூரூவின் குழுவினர் கண்டறிந்தனர்.

செறிவு மிக்க ஒளி, தான் கடந்துசெல்லும் காற்றின் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே உயர்த்துகிறது. கெர் விளைவு எனப்படும் இம்மாற்றம் கற்றையின் நடுவில் மிகுந்திருப்பதால், காற்றே குவிவில்லையாகி ஒளியை மேன்மேலும் குவிக்க, ஒரு கட்டத்தில் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து பிளாஸ்மா உண்டாகி, அது கற்றையை விரிக்க முற்படுகிறது. இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒளிச்சரடு உருவாகி நீள்கிறது.

காற்று மெலிந்த உயரத்தில் இச்சரடு நிலைக்குமா என்பதை அறிய நீண்ட திறந்தவெளி வேண்டியிருந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் 1999இல் தொடங்கிய டெராமொபைல் திட்டத்தில், 5 டெராவாட் லேசர் ஒன்று 20 அடி சரக்குப் பெட்டகத்துக்குள் அடக்கப்பட்டது. 2004இல் அது நியூ மெக்சிகோவின் சவுத் பால்டி முகட்டருகே, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள லாங்மியூர் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 70 விழுக்காடு மட்டுமே. கெர் விளைவும் அதே அளவுக்குக் குன்றியிருந்தது. ஆயினும் சரடுகள் சற்றுத் தள்ளித் தோன்றின, எண்ணிக்கையில் குறைந்தன என்பதைத் தவிர, அவற்றின் நீளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தூறலும் அவற்றைத் தடுக்கவில்லை. அடர்த்தி குறையும்போது குவிக்கும் விளைவோடு விரிக்கும் பிளாஸ்மாவும் சேர்ந்தே தளர்வதால், இரண்டுக்கும் இடையிலான சமநிலை பெரிதும் குலைவதில்லை.

இச்சரடுகளால் மின்னலைத் தூண்ட முடியுமா என்று அறிய, அதே முகட்டில் இடிமேகங்களை நோக்கிச் செலுத்தப்பட்ட துடிப்புகளோடு ஒத்திசைந்து மேகத்துக்குள் சிறு மின்னிறக்கங்கள் பதிவாயினவே அன்றி, மின்னல் இறங்கவில்லை. நொடிக்கு 10 துடிப்புகளே வெளிப்பட்டதும், பிளாஸ்மா மிக விரைவில் மறைந்ததும் இதற்குக் காரணங்களாயின. 2021 கோடையில் சுவிட்சர்லாந்தின் 2,502 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் சிகரத்தில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 முறை மின்னல் தாக்கும் 124 மீட்டர் கோபுரத்தின் அருகே நிறுவப்பட்ட புதிய லேசர், நொடிக்கு ஏறக்குறைய 1,000 துடிப்புகளைச் செலுத்தியது. ஒவ்வொரு துடிப்பும் சூடாக்கி விரியச்செய்த காற்று, அடர்த்தி குறைந்த தடமாகப் பிளாஸ்மாவைவிட நெடுநேரம் நிலைத்தது. மலைக்காற்றினும் மெலிந்த காற்றை லேசரே தன் பாதையில் படைத்துக்கொண்டது என்றும் இதைக் கொள்ளலாம். அவ்வாண்டு ஜூலை 24 அன்று, அத்தடத்தைப் பற்றி ஒரு மின்னல் சுமார் 50 மீட்டர் தொலைவு சென்றதை அதிவேகக் கேமராக்கள் பதிவுசெய்தன.